முழங்கையின் கோணம்

அத்தியாயம் ஒன்பது

நெல்லில் வண்டி வழுக்கி இன்றோடு பதினான்கு வாரம். பகலவன் இன்னும் இடது கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தொடர்ந்து வருபவர்களுக்கு அந்த மாசி மாதத்து மாலை நினைவிருக்கும். சிக்கல் ஊர் தாண்டி, தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல். முன்சக்கரம் அதில் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி செந்தாமரை எதிரே வந்த லாரியின் பக்கம் விழுந்தாள். இவன் வயல் பக்கம் விழுந்தான். அவளுக்கு இருபத்தாறு வயது. இவனுக்கு வலது முழங்கை மூட்டு விலகியது. அதோடு போயிற்று என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவன். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் சாரம் கட்டுகிற வேலை. ஒன்றரை மாத விடுப்பில் வந்தவனுக்கு, ஜூன் முப்பது வரை இடத்தை வைத்திருப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இருபதாம் தேதிக்குள் கை தேறிவிட்டது என்று ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். குழாயைத் தோளில் தாங்கி ஏணியில் ஏற, முழங்கை நூற்றிருபது டிகிரியாவது மடங்க வேண்டும்.

இன்று ஜூன் ஏழு.

"இன்னொரு இட்லி வைக்கவா?" என்றாள் அம்சவல்லி. செந்தாமரையின் அம்மா. கீழ்வேளூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு நாலு வீடு தள்ளி வீடு. நாகப்பட்டினம் போய் வரத் தோதாக இருக்கும் என்று கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவன் இங்கேதான் இருக்கிறான்.

"போதும் அத்தை."

"உங்கண்ணன் வருதாமே?"

"கடிதம் வாங்கணும்ல. கூட வரேன்னான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பகலில் அவள் பேசுவது அவ்வளவுதான்.

போக வேண்டும் என்று அவன் நினைத்ததற்குக் காரணம் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வருடக் கல்யாணத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது நூற்றுத்தொண்ணூற்றாறு நாள். மற்ற நாட்களில் செந்தாமரை ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமை, போன் கார்டில் நாற்பது நிமிடம். பன்னிரண்டு பேர் படுக்கும் அந்த அறையில் அவள் எப்போதும் இருந்ததில்லை. அங்கே அவள் இல்லாமல் இருப்பது புதிதாக இருக்காது. இந்த வீட்டில் கொடிக்கயிறு வரைக்கும் அது புதிதாக இருக்கிறது.

*

பஸ்ஸில் அண்ணன் ரெத்தினம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். பகலவனுக்குப் பத்து வயது மூத்தவன். அப்பா பிறர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இவனுக்குச் சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர். அது இப்போது வெடித்துக் கிடந்தது.

"பன்னெண்டாம் தேதி மேட்டூர் தொறந்துடுவான்னு பேசிக்கிறானுவ. தண்ணி இங்க வந்து சேர்றதுக்குள்ள நீ அங்க போய் சேந்துடுவ" என்றான்.

பகலவன் தலையாட்டினான்.

"கை எவ்வளவு மடங்குது? காட்டு."

"அங்க போய் அளந்து சொல்லுவாங்க."

"காட்டுடான்னா."

பகலவன் மடக்கினான். பாதி வழியில் நின்றது. ரெத்தினம் அதைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

*

அனீஸாவின் பிசியோதெரபி நிலையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருடம் திறந்தது. அடிபட்டவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு கட்டில், சுவரில் மரச்சக்கரம், கூரையில் ஒரு கப்பி.

ஜன்னலோரம் அல்லா பிச்சை உட்கார்ந்து ஒரு கிண்ணத்து மொச்சையை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அரிசி மண்டிக்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்தது.

"வாங்க சிங்கப்பூர்காரரே. உங்க கை ஏதாவது பேசிச்சா? என்னுது பேசவே மாட்டேங்குது. நிக்காஹ் ஆன புதுசுல எங்க வீட்ல இருந்த மாதிரி இருக்கு."

"எத்தனை மொச்சை ஆச்சு?"

"பதினொண்ணு. நாப்பது வருஷம் மூட்டை பேரம் பேசுன ஆளு, இப்ப மொச்சை பொறுக்குறேன். இவரு யாரு, அண்ணனா? ஜாடை இருக்கு. இவரு மட்டும் ஒழுங்கா சாப்பிடுறாரு போலருக்கு."

ரெத்தினம் சிரித்தான்.

"மாமா, வாய்க்குத் தெரபி எழுதித் தரல. விரலுக்குத்தான்" என்றபடி அனீஸா வந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேல் தலைத்துண்டு. "வாங்க பகலவன். கட்டில்ல உக்காருங்க."

அவள் அவன் சட்டைக் கையை மடித்து விட்டாள். முழங்கைக்கு முன்புறம் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"சூடா இருக்கு."

"வெயில்ல வந்தோம்."

"அந்தக் கை சூடா இல்லையே."

இரண்டு கரங்கள் உள்ள பிளாஸ்டிக் அளவுகோலை மூட்டில் வைத்தாள். மடக்கச் சொன்னாள். அவன் மடக்கினான். பல்லைக் கடித்தான்.

"எழுபத்திரண்டு" என்றாள்.

நோட்டைப் புரட்டினாள். முதல் நாள் முப்பது. ஐந்தாவது வாரம் தொண்ணூற்றைந்து. அதற்குப் பிறகு தொண்ணூறு, எண்பத்தாறு, எண்பது. மேலே ஏறிய கோடு திரும்பி இறங்குவதைப் படிக்க அவனுக்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.

அனீஸா குனிந்து முழங்கையை முகர்ந்தாள். ஒரு டாக்டரம்மா செய்கிற காரியமாக அது இல்லை. ரெத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நொச்சி எண்ணெய் வாசனை" என்றாள்.

பகலவன் மடித்த சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டான்.

"எதுத்தாப்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு எக்ஸர்சைஸ் வேணாம்."

*

படத்தைச் சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் மாட்டினாள். எலும்புகள் அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றுக்கு முன்னால், சதை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஏதோ திரண்டிருந்தது. பிய்த்து வைத்த பஞ்சு மாதிரி.

"இது என்னம்மா?" என்றான் ரெத்தினம்.

"எலும்பு."

"அங்க எப்படி எலும்பு இருக்கும்?"

"இருக்கக் கூடாது. அடிபட்ட முழங்கைய அழுத்தித் தேய்ச்சா, சதைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, அது எலும்பா மாறும். கதவு இடுக்குல கல்லு விழுந்த மாதிரி. கதவு மூட முடியாது."

"அத இப்ப எடுத்துட முடியுமா?"

"இப்பத் தொட்டா இன்னும் வளரும். அது முத்தி அடங்கணும். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம். அதுக்கப்பறம் பெரிய டாக்டர் பாத்து ஆபரேஷன் பண்ணலாமான்னு சொல்லுவார். பண்ணாலும் முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"இருபதாம் தேதி?" என்றான் பகலவன்.

அனீஸா படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டாள். அதுதான் பதில்.

மொச்சை கிண்ணத்தில் விழும் சத்தம் நின்றிருந்தது.

ரெத்தினம் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"யாருடா தேய்ச்சது?"

"நாந்தான்."

"ஒரு கையால உன் கைய நீயே தேய்ச்சுக்கிட்டியா?"

"வலி தாங்கல. தேய்ச்சேன்."

"உங்க அத்தை அந்தத் தெருவுக்கே சுளுக்கு எடுக்குற ஆளு. கன்னுக்குட்டி கால சுளுக்கிக்கிட்டாக்கூட அதுகிட்டதான் போவாங்க. அந்தம்மா தேய்க்கலங்கிற?"

"இல்ல."

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

"இல்லண்ணே."

ரெத்தினம் எழுந்தான். "சூப்பர்வைசருக்குப் பேசிப் பாக்குறேன். செப்டம்பர் வரைக்கும் நிறுத்தி வைப்பாரான்னு கேக்குறேன்." அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அல்லா பிச்சை கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நான் கீழ ஒரு டீ குடிச்சுட்டு வரேன் புள்ள" என்று தடியை ஊன்றி எழுந்தார். பன்னிரண்டு படி. அவர் தனியாக இறங்கியதே இல்லை. இன்றைக்கு இறங்கினார்.

அனீஸா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் நாளே உங்ககிட்ட சொன்னேன். எண்ணெய் போட்டு யாரையும் தேய்க்க விடாதீங்கன்னு."

"ஆமா."

"ஞாபகம் இருந்துதா?"

"இருந்துச்சு."

"அப்பறம்?"

தினமும் விளக்கு வைத்த பிறகு அம்சவல்லி இரும்புக் கரண்டியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வருவாள். அவன் கையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கியதும், பகல் முழுவதும் பேசாதவள், பேசுவாள். செந்தாமரை நாலாவது படிக்கும்போது ஒரு செருப்பு வாய்க்காலோடு போயிற்று என்று மற்றதையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தது. கோழி அடைகாக்கும் கூடையில் இவளே ஏறி உட்கார்ந்து முட்டையை உடைத்தது. பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள் அம்மை போட்டது, வேப்பிலைப் படுக்கையில் படுத்துக்கொண்டு சூத்திரங்களைக் கத்தியது. நூற்றுத்தொண்ணூற்றாறு நாளில் அவனுக்குத் தெரியாத பெண்ணை ஒரு நாளைக்கு ஒரு கை எண்ணெய் அளவுக்கு அவள் கொடுத்தாள். வலிக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். நிறுத்து என்றால் பேச்சும் நிற்கும்.

முதல் நாள் ஒரு நாள்தானே என்றிருந்தான். பிறகு நாளை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

"அவங்களுக்குத் தெரியாது" என்றான். "பாசத்துல செஞ்சாங்க. நான்தான் சொல்லியிருக்கணும்."

அனீஸா அவனைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ரெண்டாவது வாரம் உங்கள கூட்டிக்கிட்டு அவங்க வந்தாங்க. நீங்க சக்கரம் சுத்திக்கிட்டு இருந்தீங்க. வெளிய வெச்சு அவங்ககிட்டயும் சொன்னேன். தேய்க்காதீங்கம்மா, உள்ள எலும்பு வளந்துடும்னு. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாங்க."

பகலவன் சுவரில் இருந்த மரச்சக்கரத்தைப் பார்த்தான்.

"வளந்தா என்னாவும்னு கேட்டாங்க. கை மடங்காதுன்னேன். அப்ப வெளிநாடு போவ முடியாதான்னு கேட்டாங்க. முடியாதும்மா, அதான் சொல்றேன்னேன்." அவள் நோட்டை மூடினாள். "சரின்னுட்டுப் போனாங்க."

கூரையில் கப்பிக் கயிறு மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட இத நான் சொல்லப் போறதில்ல" என்றாள். "கைய சும்மா வைங்க. தேய்ப்பு வேணாம், ஒத்தடம் வேணாம், யாரும் இழுத்து மடக்க வேணாம். தானா மடங்குற அளவுக்கு மடக்குங்க. மாசம் ஒரு தடவ வந்து காட்டுங்க."

"எழுபத்திரண்டாவது நிக்குமா?"

"தெரியல" என்றாள். அவளிடம் அவன் கேட்ட கேள்விகளில் அதற்குத்தான் உடனே பதில் வந்தது.

*

பஸ் ஸ்டாண்டில் ரெத்தினம் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"வேற ஆளப் போட்டுக்குறாராம். நல்ல பையன், வருத்தமா இருக்குன்னு சொல்லச் சொன்னார்."

"சரி."

"சரியா? என்னடா சரி. உனக்குக் கோவமே வராதா?"

பகலவன் யோசித்துப் பார்த்தான். வரவில்லை. பதினான்கு வாரமாக எதுவும் வரவில்லை.

"இதப் பாரு. அந்தம்மாதான் தேய்ச்சிருக்கு. நீ மறைக்கிற. போவட்டும். காலைல வரேன். பெட்டியக் கட்டி வை. நம்ம வீட்டுக்கு வந்துடு. அண்ணி சோறு போடாதா உனக்கு? பொண்டாட்டி இல்லாத வீட்ல மாமியாகிட்ட எத்தன நாளைக்கு இருப்ப? ஊர்ல என்ன பேசுறாங்கன்னு உனக்குத் தெரியாது."

"என்ன பேசுறாங்க?"

"வயித்தியலிங்கம் மாமா ஒரு எடம் சொல்லியிருக்காரு. இப்ப இல்ல. வருஷம் திரும்பட்டும். கேட்டு வைக்கிறதுல தப்பு இல்லல."

பகலவன் பஸ்ஸைப் பார்த்தான். ஏறினான். சிக்கல் தாண்டும்போது வழக்கம்போல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சாலையில் யாரோ உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறிப் போனது.

*

அம்சவல்லி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வருஷம் ஆவுமாம். சிங்கப்பூர் இல்ல."

அவள் 'ஐயோ' என்று சொல்லவில்லை. எப்படி, ஏன் என்று கேட்கவில்லை. சுவரோரம் மெல்ல உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த முகத்தில் நிம்மதி இருக்கிறதா என்று அவன் தேடினான். இருந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். காய்ச்சல் விட்டவள் மாதிரிக் களைத்துப் போயிருந்தாள்.

"அண்ணன் என்ன சொல்லுது?"

"யார் தேய்ச்சதுன்னு கேட்டான். நானேன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த டாக்டரம்மா உங்ககிட்ட சொல்லியிருந்தாங்களாம்" என்றான்.

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"சொன்னிச்சு" என்றாள்.

மறுக்கவில்லை. மறுப்பாள் என்று பஸ்ஸில் வரும்போது அவன் எதிர்பார்த்திருந்தான். புரியவில்லை தம்பி, மறந்துபோச்சு தம்பி என்று ஏதாவது. நம்பத் தயாராக வந்திருந்தான்.

"நீ போயிட்டா திரும்பி இந்த வீட்டுக்கு வர மாட்ட" என்றாள். "எதுக்கு வருவ. இங்க என்ன இருக்கு உனக்கு."

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"உன்கிட்டயும் சொல்லியிருக்கும்ல அது? தேய்க்கக் கூடாதுன்னு."

"சொன்னாங்க."

"எப்ப?"

"முதல் நாளே."

"தெரிஞ்சா கையக் குடுத்த?"

"தெரிஞ்சுதான்."

"ஏன் தம்பி?"

அவன் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். சூடாகத்தான் இருந்தது. "நீங்க அப்பதான் பேசுவீங்க" என்றான்.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்து என்ன செய்வதென்று தோன்றவில்லை.

பொழுது இறங்கியது. அவள் எழுந்து விளக்கு வைத்தாள். அடுப்படி வரைக்கும் பழக்கத்தில் போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அத்தை" என்றான் பகலவன். இதுவரை அவன் கேட்டதில்லை. அவளாகத்தான் சொல்வாள்.

"என்னத்த?"

"எதாவது. அவளப் பத்தி."

அவள் யோசித்தாள். "எட்டாவது படிக்கிறப்ப ஒரு நாளு" என்று தொடங்கினாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து..." நிறுத்தினாள். விரல்கள் மடியில் எதையோ தேடுவதுபோல் ஒருமுறை மடங்கி விரிந்தன. மறுபடியும், "பள்ளிக்கூடத்துலேர்ந்து" என்றாள்.

அவன் காத்திருந்தான்.

"கை சும்மா இருந்தா ஒண்ணும் வரல தம்பி."

"பரவால்ல."

இருவரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலைல அண்ணன் வரான்" என்றான். "என்னக் கூட்டிட்டுப் போக."

அவள் தலை நிமிரவில்லை. போகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்குமா என்று அவனுக்கே தெரியாது.

"எத்தன மணிக்கு வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல் பஸ்ஸுக்கு."

"சரி. மூணு பேருக்கு மாவு பத்தாது" என்று சொல்லிவிட்டு, அரிசி களைய எழுந்தாள்.